முட்டிக்குப் பின்னால்: பேக்கர் கட்டி பிறந்த கதை

ஏலச்செடி ஆளைத் தாண்டி வளரும். காய்ப்பு மட்டும் தரையோடு. செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரத்தில்தான் பூவும் காயும். நின்ற நிலையில் யாரும் ஏலக்காய் எடுத்துவிட முடியாது. குத்துக்கால் வைத்து உட்கார வேண்டும்; இல்லையென்றால் இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறித்து, பிஞ்சை விட்டு, முழுசாக எழாமலே அடுத்த தூருக்கு நகர வேண்டும். விட்டுவந்த பிஞ்சு விளைந்ததும் சில வாரங்களில் அதே செடிக்கு மறுபடி போக வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை வரைக்கும் இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் நடக்கும்.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போவது பெரும்பாலும் இந்த ஏலத்தோட்ட வேலைக்குத்தான். இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. திருவிதாங்கூர் அரசர் காலத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் அந்த மலைகளில் ஏலம் பயிரிட்டார்கள். மலையிறங்கி வீட்டுக்கு வந்தால் அங்கும் முட்டி மடங்கும் வேலைகளே காத்திருக்கும். துணி துவைப்பதும், பாத்திரம் தேய்ப்பதும், கீரை ஆய்வதும் தரையில்தான்.

இப்படி உழைத்த கால்களில், நாற்பது ஐம்பது வயதைத் தாண்டும்போது, ஒருநாள் கை தற்செயலாக முட்டியின் பின்மடிப்பைத் தடவும். உள்பக்கமாக ஒரு புடைப்பு தட்டுப்படும். காலை நீட்டி நின்றால் அது விறைப்பாக இருக்கும், மடக்கினால் அமுங்கிப்போகும். “வலிக்கவும் மாட்டேங்குது, வத்தவும் மாட்டேங்குது, என்னா கட்டின்னே தெரியல” என்று அக்கம்பக்கத்தில் காட்டினால், ஒருவர் கொழுப்புக் கட்டி என்பார், இன்னொருவர் நரம்பு சுருண்டிருக்கிறது என்பார். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளேயே கிடக்கும். கடைசியில் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சீட்டில் எழுதும் பெயர், பேக்கர்ஸ் சிஸ்ட்.

இந்தக் கட்டியைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. அத்தனை ஆண்டுகளும் மருத்துவர்கள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம். பின்னால் தெரியும் கட்டி, மூட்டுக்கு உள்ளே பிறந்தது. அந்தப் பாடம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் காலுக்குச் சொந்தக்காரரிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

டப்ளினில் கிடைத்த முதல் தடயம்

அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1791-ல் பிறந்தவர். நாடித்துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வரும் இதயநோயை 1827-ல் விவரித்தவர் என்பதால், இன்றும் அந்த நோயின் பெயரில் இவருடைய பெயரும் உண்டு. கவுட் என்கிற மூட்டு நோயால் அவரே அவதிப்பட்டவர். மூட்டுகளைப் பற்றி ஆயுள் முழுவதும் எழுதினார்.

1840-ல் முழங்கால் மூட்டின் நாட்பட்ட அழற்சியைப் பற்றி எழுதும்போது ஆடம்ஸ் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். கெண்டைக்கால் தசை முட்டிக்குப் பின்னால் இரண்டு தலைகளாகப் பிரிந்து தொடை எலும்பில் பற்றியிருக்கிறது. அதில் உள்பக்கத் தலைக்கு அடியில் பர்ஸா எனப்படும் சிறிய உறை ஒன்று உண்டு. தசைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்குவதற்காக உடம்பு அமைத்துக்கொண்ட மெல்லிய பை அது. மூட்டு நோய் உள்ளவர்களிடம் இந்தப் பை வீங்கியிருப்பதையும், வால்வு போன்ற ஒரு திறப்பின் வழியே அது மூட்டோடு தொடர்பு கொண்டிருப்பதையும் ஆடம்ஸ் கண்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1856-ல், பிரான்சின் ஃபூஷே என்ற மருத்துவர் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய அடையாளம் ஒன்றைக் கொடுத்தார். முட்டியை நீட்டினால் இந்தக் கட்டி கெட்டியாகிறது, மடக்கினால் தளர்கிறது. ரத்தக்குழாய் வீக்கமோ சதைக்கட்டியோ இப்படி மாறாது. கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை எலும்பு மருத்துவர்கள் இன்றும் செய்கிறார்கள். படுக்கவைத்துக் காலை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, பின்மடிப்பில் விரல் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தடயங்கள் இப்படித் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து ஒரு காரணமாகக் கோத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

பேக்கரின் எட்டு நோயாளிகள்

வில்லியம் மொரன்ட் பேக்கர் 1839-ல் இங்கிலாந்தின் ஆண்டோவரில் பிறந்தார். லண்டனில் 1123-ல் தொடங்கப்பட்ட பழம்பெரும் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் படித்து, அங்கேயே அறுவை மருத்துவரானார். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட்டுக்கு உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் பரவலாகப் படித்த கர்க்ஸின் உடலியல் பாடநூலைப் பதிப்பித்து வந்தவரும் இவரே.

1877-ல் அந்த மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் பேக்கரின் கட்டுரை வெளியானது. முழங்கால் மூட்டு நோயின் தொடர்பாகக் காலில் உருவாகும் நீர்க்கட்டிகளைப் பற்றிய கட்டுரை அது. எட்டு நோயாளிகளின் விவரத்தை வரிசையாக வைத்து அவர் வாதிட்டார். நோயுற்ற மூட்டில் நீர் பெருகுகிறது. பெருகிய நீர் மூட்டை விட்டு வெளியேற வழி தேடுகிறது. வெளியேறிய நீர் மூட்டிலிருந்து சற்றுத் தள்ளிக்கூடத் தேங்கிக் கட்டியாகிறது. கெண்டைக்காலில் கட்டி இருக்கிறது என்றாலும் நோய் முட்டியில் இருக்கக்கூடும் என்பது அந்த நாளில் புதிய எண்ணம். 1885-ல் இரண்டாவது கட்டுரை எழுதி, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் மூட்டுகளுக்கும் இதே விதி பொருந்துவதைக் காட்டினார்.

அவருடைய கையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படவில்லை, அது 1895-ல்தான் வந்தது. ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி அறுவை முறையை அறிவித்துப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. மூட்டோடு தொடர்புள்ள ஒரு பையைக் கீறினால் கிருமி மூட்டுக்குள் இறங்கிக் காலையோ உயிரையோ வாங்கிவிடக்கூடிய காலம். விரலும் கண்ணும் நினைவாற்றலும் கொண்டே அவர் மூட்டுக்குள் நடப்பதை ஊகித்தார்.

அதே 1877-ல் நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிக்கொண்டிருந்தது. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற பழைய யோசனைக்கு அந்தப் பஞ்சம்தான் வேகம் கொடுத்தது. பொறியாளர் பென்னிகுவிக் 1887-ல் அணை வேலையைத் தொடங்கினார். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. தண்ணீர் வந்த பிறகு பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியானது. சேற்றில் குனிந்து நடவு நடும் கால்களும் களை பறிக்கும் கால்களும் பெருகின. அணை திறந்த அடுத்த ஆண்டு, 1896-ல், பேக்கர் காலமானார். அவர் எழுதிவைத்த உண்மைக்கு மிகவும் தேவைப்படுபவர்கள் இந்தப் பக்கத்திலும் இருந்தார்கள்.

உடம்புக்குள் அது பிறக்கும் விதம்

நல்ல நிலையில் உள்ள முழங்காலில் இருக்கும் மூட்டுநீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மூட்டின் உட்சவ்வு அதைச் சுரக்கிறது, அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பிசுபிசுப்பான அந்த நீர்தான் எலும்பின் முனையைப் போர்த்திய குருத்தெலும்பை வழவழப்பாக வைத்திருக்கிறது. அதற்கு ஊட்டமும் கொடுக்கிறது.

குருத்தெலும்பு தேயும்போதும், தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையில் மெத்தையாக இருக்கும் ஜவ்வு கிழியும்போதும், உட்சவ்வு சீண்டப்படுகிறது. அது நீரை அதிகமாகச் சுரக்கிறது. முடக்குவாதத்திலும், யூரிக் அமிலம் படிவதிலும், சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டு வீக்கத்திலும் நடப்பது இதுவே. இதைத்தான் ஊரில் “முட்டியில தண்ணி கோத்திருக்கு” என்கிறார்கள்.

தேங்கிய நீருக்கு ஒரு போக்கிடம் வேண்டும். முட்டியின் பின்புறம் உள்பக்கத்தில், கெண்டைக்கால் தசைக்கும் தொடையின் பின்தசை ஒன்றின் நாணுக்கும் நடுவில், ஆடம்ஸ் கண்ட அந்த உறை இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு மூட்டிலிருந்து அதற்குள் ஒரு சிறு பிளவு திறந்திருக்கும். முட்டியை மடக்கும்போது பிளவு விரிகிறது, அழுத்தத்தில் நீர் பின்பக்கம் தள்ளப்படுகிறது. காலை நீட்டும்போது இரு தசைகளும் விறைத்துப் பிளவை நெரிக்கின்றன. போன நீர் திரும்பி வர முடியாது. மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஒவ்வொரு அசைவிலும் சிறிது சிறிதாகப் பை நிரம்புகிறது. உள்ளே சிக்கிய நீரில் தண்ணீர்ப் பகுதி உறிஞ்சப்பட்டு, எஞ்சியது கூழாகத் தடிக்கிறது. ஊசி போட்டு உறிஞ்சும்போது சில சமயம் எளிதில் வராததற்குக் காரணம் இந்தத் தடிப்பு.

கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். மறுகால் ஓடையில் மண்ணைக் கொட்டி அடைத்தால், கண்மாய்க்கு வரும் தண்ணீர் நின்றுவிடுமா? வரத்து எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். பேக்கர் கட்டி என்பது மூட்டு மறுகால் பாய்ந்த இடம்.

குழந்தைகளுக்கும் இதே இடத்தில் கட்டி வருவதுண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. காலப்போக்கில் தானாகவே மறையும். பெரியவர்களின் கதைதான் வேறு. அவர்களிடம் கட்டி தென்பட்டால் மூட்டுக்குள் ஏதோ நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டினாலும் வளர்ந்தது

காரணம் 1877-லேயே எழுதப்பட்டுவிட்டது. இருந்தும் மருத்துவர்களின் கை கட்டியைத்தான் தேடிப் போனது. கிருமிநாசினி முறை பரவி அறுவை பாதுகாப்பானதும், கட்டியை வெட்டி எடுப்பது வழக்கமானது. வெட்டிய இடத்தில் மறுபடியும் கட்டி வந்தது. சரியாக வேரறுக்கவில்லை போலும் என்று மறுபடி வெட்டினார்கள்.

1938-ல் பிலிப் வில்சன், ஐர்-புரூக், ஃபிரான்சிஸ் ஆகிய மூவர் நோயாளிகளையும் இறந்தோர் உடல்களையும் ஆராய்ந்து, இந்த உறைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்பை உடற்கூறு ரீதியாக விளக்கினார்கள். பிறகு மூட்டுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் முறை வந்தது. மூட்டில் செலுத்திய மருந்து பின்னால் உள்ள கட்டிக்குள் போய் நிற்பதைப் படத்தில் பார்க்க முடிந்தது. ஆடம்ஸும் பேக்கரும் மனக்கண்ணால் கண்ட வழி, படமாகவே வந்துவிட்டது. 1970-ல் மால்கம் ஜேசனும் ஆலன் டிக்சனும், அந்த வழி ஒருவழி வால்வாக வேலை செய்கிறது என்பதை நிறுவினார்கள்.

ஸ்வீடனில் லிண்ட்கிரென் 1977-ல், வயது ஏற ஏற மூட்டுக்கும் உறைக்கும் இடையிலான தொடர்பு அதிகம் பேரிடம் காணப்படுகிறது என்று காட்டினார். மூட்டின் பின்சுவர் காலப்போக்கில் மெலிந்துபோவது அதற்கு ஒரு காரணம். அவரோடு சேர்ந்து வொல்ஃப்காங் ரவுஷ்னிங் 1979-ல் வெளியிட்ட ஆய்வு, அறுவை மேசையில் இருந்த நம்பிக்கையை அசைத்தது. கட்டியை மட்டும் வெட்டியெடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது திரும்ப வந்திருந்தது. வரத்து நிற்காத இடத்தில் பையை அகற்றிப் பயனில்லை என்பது, பேக்கர் எழுதி நூறாண்டு கழித்துக் கணக்காகவே தெரிந்தது.

கட்டி உடையும்போது

இந்தக் கட்டியின் கதையில் உயிர் சம்பந்தப்பட்ட ஓர் அத்தியாயமும் உண்டு. பை நிரம்பி நிரம்பி ஒருநாள் கிழிந்துவிடலாம். படியேறும்போதோ, உட்கார்ந்து எழும்போதோ, முட்டிக்குப் பின்னால் சுரீரென்று ஒரு வலி. உள்ளிருந்த நீர் கெண்டைக்கால் தசைகளுக்கு நடுவே இறங்குகிறது. கால் வீங்கிச் சிவந்து சூடாகிறது. சிலருக்கு உள்கணுக்காலுக்குக் கீழே கன்றிப்போன நிறம் தெரியும்.

பார்ப்பவருக்கு இது காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த நிலையாகவே தோன்றும். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம் என்பதால், அதற்கு உடனடியாக ரத்தம் உறையாத மருந்து கொடுப்பார்கள். உண்மையில் கிழிந்தது கட்டி என்றால், அதே மருந்து தசைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கிக் காலுக்கு ஆபத்தாக முடியலாம். 1964-ல் டிக்சனும் கிராண்ட்டும் லான்செட் இதழில் முடக்குவாதக்காரர்களிடம் மூட்டுப் பை இப்படித் திடீரெனக் கிழிவதை விவரித்த பிறகுதான், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை வலுத்தது.

பிரித்துப் பார்க்கும் கருவியும் விரைவில் கிடைத்தது. 1972-ல் மெக்டொனால்டும் லியோபோல்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூலம் பேக்கர் கட்டியையும் ரத்தக்குழாய் நோயையும் வேறுபடுத்திக் காட்டினார்கள். தாயின் வயிற்றில் குழந்தையைப் பார்க்க நாம் பழகிய அதே ஸ்கேன்தான். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சில நிமிடங்களில் முட்டிக்குப் பின்னால் இருப்பது நீரா, சதையா, ரத்தக்குழாயா என்று தெரிந்துவிடும். சில சமயம் கட்டி பக்கத்து ரத்தக்குழாயை அழுத்துவதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் வீங்கிய கெண்டைக்காலுக்கு ஸ்கேன் மிக முக்கியம்.

நம் ஊர்களில் கெண்டைக்கால் வீங்கினால் முதலில் நடப்பது, எண்ணெய் போட்டு நீவிவிடுவது. அன்போடு செய்வதுதான். ரத்தம் உறைந்திருக்கும் காலை அழுத்தி நீவினால் அந்த உறைவு நகரக்கூடும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவ வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். முட்டி கொதித்துக் காய்ச்சலும் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பின்மடிப்புக் கட்டி நாடியைப் போலத் துடித்தால் அது ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். அதில் யாரும் ஊசி வைக்கவே கூடாது.

தரையில் உட்காரும் நாட்டிலிருந்து வந்த விடை

மூட்டின் உள்ளே போய்ப் பார்க்காமல் வரத்தை நிறுத்த முடியாது. அந்த வழியைத் திறந்தவர் தரையில் அமர்ந்து வாழும் இன்னொரு நாட்டவர் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற எலும்பு மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவரை அந்த முயற்சிக்குத் தள்ளியது காசநோய். காசநோய் தாக்கிய முட்டி விறைத்து மடங்காமல் போகும். மண்டியிட்டும் குத்துக்கால் வைத்தும் வாழும் ஜப்பானியருக்கு, மடங்காத முட்டி வீட்டிலும் சபையிலும் பெரிய துன்பம். சாப்பிட உட்கார முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது, பெரியவர்கள் முன் முறையாக அமர முடியாது. நோயை முளையிலேயே கண்டுபிடித்தால் முட்டியைக் காப்பாற்றலாம் என்பதற்காக அவர் கருவியை மேலும் மேலும் மெல்லியதாக்கினார். 1921-ல் சுவிட்சர்லாந்தின் ஆய்கென் பிர்ஷர் உயிரோடு உள்ள நோயாளிகளிடம் இப்படிப் பார்த்து எழுதினார்.

தகாகியின் மாணவர் மசாகி வதனபே, 1950-களின் கடைசியில், 21-ஆம் எண் என்று பெயர் பெற்ற ஆர்த்ரோஸ்கோப் என்ற மூட்டுநோக்கியை உருவாக்கினார். 1962 மே 4 அன்று அதன் துணையோடு கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதியை அகற்றினார். மூட்டைப் பிளக்காமல் சிறு துளை வழியே ஜவ்வுக்குச் சிகிச்சை செய்யலாம் என்பது நிரூபணமானது. 1964-ல் டோக்கியோ சென்ற ராபர்ட் ஜாக்சன் அதைக் கற்றுக்கொண்டு கனடாவுக்கு எடுத்துப்போனார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

பேக்கர் கட்டிக்கான அறுவையும் அதன் பிறகு மாறியது. இப்போது அறுவை தேவைப்பட்டால், துளை வழியே மூட்டுக்குள் போய்க் கிழிந்த ஜவ்வைச் சரிசெய்து, ஒருவழிப் பிளவை அகலப்படுத்தி நீர் இரு பக்கமும் போய்வர விடுகிறார்கள். பலருக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. ஸ்கேன் பார்த்தபடி நீரை உறிஞ்சி ஸ்டீராய்டு ஊசி போடுவது, முடக்குவாதம் இருந்தால் அதற்கான மருந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி, உடல் எடையைக் குறைப்பது ஆகியவற்றிலேயே கட்டி சுருங்குகிறது. தொந்தரவு தராத கட்டியை அப்படியே விட்டுவிடுவதும் சரியான மருத்துவமே. மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்குக் கடைசி வழியாக மூட்டு மாற்று உண்டு. பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் 1890-ல் யானைத் தந்தத்தால் முழங்கால் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். அந்தத் தொடக்கம் 1970-களில் உலோகமும் பாலிஎத்திலீனும் சேர்ந்த இன்றைய மூட்டாக உருப்பெற்றது.

வரத்து எங்கிருந்து?

முட்டி தேய்வது வயதானால் வரும் விதி என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். வேலையும் தேய்க்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முட்டியை மடக்கியும் பாரம் சுமந்தும் வேலை செய்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் முட்டித் தேய்மானம் கூடுதலாக இருந்தது 1991-ல் தெரியவந்தது. சீனாவின் பெய்ஜிங்கில் முதியவர்களிடம் கேட்டார்கள்: 25 வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தீர்கள்? நீண்ட நேரம் உட்கார்ந்ததாகச் சொன்னவர்களிடம் எக்ஸ்-ரேயில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தது. 2004-ல் அந்த முடிவு வெளியானது. நம் நாட்டிலும் 1996-ல் மகாராஷ்டிராவின் பிக்வான் கிராமத்தில் அரவிந்த் சோப்ராவும் குழுவினரும் வீடு வீடாகப் போய் மூட்டு வலியைக் கணக்கெடுத்தார்கள். மூட்டு வலி நகரத்து நோய், உட்கார்ந்து உண்பவர் நோய் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது.

குத்துக்கால் வைப்பது கெடுதல் என்று சொல்லவில்லை. நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை அது. முட்டியை முழுதாக மடக்கத் தெரிந்த உடம்பு நல்ல உடம்புதான். இடைவெளி இல்லாமல், மணிக்கணக்கில், சரிவில், சுமையோடு, ஆண்டுக்கணக்கில் அதையே செய்வதுதான் குருத்தெலும்பை அரிக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தேய்மானம் வேகம் பிடிக்கிறது; உடல் எடை கூடினால் இன்னும் வேகம். ஏலக்காட்டில் ஒரு தூருக்கும் அடுத்த தூருக்கும் நடுவே எழுந்து நின்று காலை நீட்டுவது வேலையில் சோம்பல் இல்லை என்பதைக் கங்காணியும் தோட்டக்காரரும் உணர வேண்டும். கூலி கொடுப்பவர்கள் முட்டிக்கும் சற்று நேரம் கொடுக்க வேண்டும்.

தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் முட்டி தாங்கும். நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, சில விநாடிகள் நிறுத்தி, மெதுவாக இறக்குவது எளிய பயிற்சி. பணம் தேவையில்லை, தினமும் செய்யும் பொறுமைதான் தேவை. ஊன்றுகோல் பிடிப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் முட்டியின் பாரம் குறையும். ஒவ்வொரு வலிக்கும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வசதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளத்தில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. 2004-லிருந்து க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூட்டு மாற்று அறுவைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. பேக்கர் தன் காலத்தில் கனவிலும் காணாத வசதிகள் இவை.

குறைவது ஒன்றுதான்: நேரத்தோடு கேட்கப்படும் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதால், நடக்க முடியும் மட்டும் தோட்டத்துப் பெண்கள் முட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை. திறக்கும்போது ஜவ்வும் குருத்தெலும்பும் பெரும்பாலும் போயிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர், “முட்டி வீங்குதாக்கா? பின்னாடி எதும் கட்டி தட்டுப்படுதா?” என்று சேர்த்துக் கேட்டால், தேய்மானத்தை முன்னதாகவே பிடித்துவிடலாம். பயிற்சியும் மருந்தும் பலன் தரும் காலத்திலேயே அவை போய்ச் சேரும்.

இந்தக் கட்டியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. தேய்ந்த மூட்டு பேச வழியில்லாமல் பின்பக்கமாக அனுப்பிய புகார் அது. அந்தப் புகாரை 1877-ல் ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். கட்டியோடு வருகிற ஒவ்வொருவருக்கும், கட்டியைப் பார்த்த கையோடு மூட்டையும் முழுசாகப் பார்த்து அனுப்புவதே அவர் எழுதியதற்கு நாம் செய்யும் மரியாதை. மலையேறி உழைக்கும் பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் அதுவே.